தன் பாட்டுக்கு இருந்தவள்

தையல் கடைக்கு ஞாயிறு விடுமுறை. ஆனால் வெயில் சாய்ந்ததும் கட்டிங் மேசையில் ஒரு நாடு முளைத்துவிடும். முதலாளியின் மகள் மிச்ச லைனிங் துணியை விரித்து, சாக்குக்கட்டியால் மலையும் ஆறும் வரைவாள். பொத்தான்கள்தாம் ஆட்கள். அவள் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து அதற்குள் நடப்பார்கள். தப்பிப்பதும் மாட்டிக்கொள்வதும் பகடையின் கையில்.

கட்டிங் மாஸ்டர் வாள்வீரன், பித்தளைப் பொத்தான். இஸ்திரி போடும் அம்மா மந்திரவாதி. மாஸ்டரின் தங்கை, காஜா எடுத்துப் பொத்தான் தைப்பவள், ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். எல்லோருக்கும் பொத்தானக்கா. பள்ளியைப் பாதியில் விட்டவளை இந்தக் கடைக்குக் கூட்டி வந்தது அண்ணன்தான். அன்றிலிருந்து பல்லிடுக்கில் நூலோடு உட்கார்ந்திருப்பதால், ஏன் பேசுவதில்லை என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

அண்ணனுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. பார்வை கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆனாலும் அவர் கத்தரியைத் தொடவில்லை. “திங்கட்கிழமை அந்தக் கோட்டுத் துணியை வெட்டிடுங்க மாஸ்டர். முடியாதுன்னா நான் வேற ஆள் பாக்கணும்,” என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு, கதையில் பூதம் காக்கும் பாலத்துக்கு முன்னாலும் அண்ணன் பகடையை உருட்டாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்களும் வாங்களேன்,” என்றாள் முதலாளி மகள்.

“வேணாம்மா. நான் என் பாட்டுக்கு இருக்கேன்.”

“பாட்டுக்கா? அப்ப நீங்க பாணர்! பாட்டாலயே மாயம் பண்றவங்க. நமக்குப் பாணர்தான் இல்லாம இருந்துச்சு.”

இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு சிப்பிப் பொத்தான் மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

“பாடினா பூதம் செத்துடுமா?” என்றாள் பொத்தானக்கா, மடியைப் பார்த்தபடி.

“சாகாது, தூங்கும். மயங்கும். நீங்க கேலி பண்ணினாக்கூட அதுக்கு அடி விழும்.”

“நாக்காலயே அடியா? அப்ப எங்க மாமியார் பழுத்த பாணர்,” என்றாள் இஸ்திரியம்மா.

“சும்மா இருங்க ஆன்ட்டி. அக்கா, பெரிய மாயம் வேற இருக்கு. பாடி, உங்க பகடை ஒண்ணை உங்க கூட வர்ற ஒருத்தருக்குக் குடுக்கலாம். அவர் உருட்டறப்போ அதுவும் கூடச் சேரும். உங்களுக்கு நீங்களே குடுத்துக்க முடியாது. அவர் காதுல உங்க குரல் விழணும், அவ்வளவுதான்.”

“என்ன பாடணும்?”

“எது வேணாலும். பாட்டு பாலத்தைக் கட்டாதுக்கா. நடக்கிறவர் காலுக்குத் தெம்பு குடுக்கும்.”

அவள் முனகத் தொடங்கினாள். வார்த்தையில்லாத மெட்டு. ஜன்னல் வழியே வந்த மஞ்சள் வெளிச்சத்தில் சாக்குப் பொடி மிதந்தது. கோடாகக் கிடந்த ஆறு ஓடுவதுபோல் இருந்தது. ஹேங்கரில் தொங்கிய சட்டைகள் அக்கரையில் நின்று காது கொடுப்பதுபோல் இருந்தது. அண்ணன் இரண்டு பகடையையும் சேர்த்து உருட்டினார். பித்தளைப் பொத்தான் பாலம் கடந்தது. அன்றிரவு அவள் கனவெல்லாம் தண்ணீர்ச் சத்தம்.

திங்கட்கிழமை நீலக் கம்பளித் துணி மேசையில் விரிந்தது. அண்ணன் கோடு போட்டார், கத்தரியைத் திறந்தார், அப்படியே நின்றார். வாசலில் முதலாளி.

“கோடு ரெண்டாத் தெரியுது,” என்றார் அண்ணன், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல்.

முதலாளி இருக்கும்போது பொத்தானக்கா வாய் திறந்ததே இல்லை. அந்தப் பயத்துக்கு அவளுக்குப் பகடை தர ஆளில்லை. ஆனால் அண்ணனின் காது எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதே மெட்டை முனகினாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி திரும்பிப் பார்த்தார். அவளுக்கு முகம் கொதித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

“கோடு ஒண்ணுதாண்ணே,” என்றாள் நடுவில். “நான் பாத்துட்டேன். வெட்டு.”

கத்தரி துணிக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. தோள், கைக்குழி, வளைவில் கொஞ்சம் மெதுவாக, பிறகு நேராக. அவள் நிமிரவில்லை, மெட்டை மட்டும் அறுந்துவிடாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். முதலாளி எப்போது உள்ளே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

“ஏம்மா, பாடினது போதும்,” என்றார் அண்ணன். “அடுத்த துணியை விரி.”