முதல் சுற்றில் சொன்ன பெயர்

விழுப்புரத்தில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டியில் சுப்புராயன் எடை போட்டால் விவசாயியும் வாய் திறக்க மாட்டான், வியாபாரியும் வாய் திறக்க மாட்டான். தராசு முள் அசைவு நின்ற பிறகும் ஒரு மூச்சு விட்டுத்தான் எண்ணைச் சொல்வார். முதலாளியின் மைத்துனன் கொண்டுவந்த மூட்டையில் மண் கலந்திருந்ததை எல்லோரும் பார்க்கக் கொட்டிக் காட்டியவர் அவர். வேலை போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை, பெயர்தான் வந்தது. அந்தப் பெயர் அவர் தலைக்கு ஏறிவிட்டது என்று சொன்னால் சொந்தக்காரர்கள் இப்போதும் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் ஏறித்தான் இருந்தது.

மண்டியை விட்டால் அவருக்கு ஒரே பைத்தியம், மெல்லிசைக் கச்சேரி. பாடத் தெரியாது, எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. கேட்பார், அவ்வளவுதான். மாசி பிறந்துவிட்டால் ஆடி முடிகிறவரை, மேல்மலையனூரோ திருவாமாத்தூரோ, எந்த ஊரில் மேடை போட்டாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் முதல் வரிசையில் குந்திவிடுவார். "கச்சேரிய கட்டிக்கினவர எங்க அப்பா எனக்கும் கட்டி வெச்சிட்டாரு" என்று மனைவி சின்னபொண்ணு தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பாதி எரிச்சல்.

பைத்தியத்துக்குக் கூட்டாளிகள் மூன்று பேர். ரயில்வேயில் வேலை பார்த்த சீனுவாசன், மைக் செட் வாடகைக்கு விட்ட சவுரிராயன், மனைவி பெயரில் ‘சூர்யகலா ரெக்கார்டிங்’ என்று கேசட் கடை வைத்திருந்த விருத்தாசலம். 1993 தை மாதத்தில், எந்தக் குழுவில் எவன் பெரிய ஆள் என்று பேச்சு முற்றி, சவுரிராயன் சீனுவாசனின் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனது. சட்டையை விடுவித்துக்கொண்ட சீனுவாசன்தான் வழி சொன்னார்.

"இன்னாத்துக்கு வாய் பேசிக்கினு? ஆளுக்கு ஒரு குழு கட்டுவோம். ஒருத்தன் எடுத்த ஆள இன்னொருத்தன் தொடக்கூடாது. எவன் குழு ஒசத்தின்னு ஊரு சொல்லட்டும்."

அப்படித்தான் ஆள் எடுப்பு பிறந்தது. காணும் பொங்கல் கழிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, கேசட் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலு பேரும் உட்காருவார்கள். காலி கேசட் டப்பாவில் நாலு சீட்டு. வந்த எண்படி ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். அடுத்த சுற்றில் கடைசி ஆள் முதலில். மாவட்டத்தில் மேடை ஏறுகிற கீபோர்டு, தபேலா, டிரம்ஸ், கிடார், பாடகர், பாடகி, அறிவிப்பாளர் வரை ஆளுக்குப் பத்துப் பேர். வாயை விட்டு வந்த பெயர் வந்ததுதான், ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது. எடுக்கப்பட்டவர்களுக்கு இதொன்றும் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நாற்பது பெயரையும் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு நாலு பேரும் டீ குடிக்கப் போவார்கள்.

வேலையற்ற வேலை என்றுதான் பஜார் நினைத்தது. ஆனால் மூன்று, நான்கு வருஷத்தில் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் குழுவுக்கு முன்பணம் கொடுக்கும் முன்னால் அந்தக் கண்ணாடியை வந்து பார்க்கத் தொடங்கினார்கள். "சுப்புராயன் ஒத்துக்கின ஆளா? அப்ப சரி" என்பார்கள். குழு நடத்துகிறவர்களும் ஆள் விட்டுப் பார்த்துவரச் சொன்னார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் அந்த வருஷம் மேடை உண்டு. இல்லையென்றால் வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான். நாலு பைத்தியங்கள் கையில் நூறு பேருடைய சோறு போய்ச் சேர்ந்தது, அது அவர்களுக்கே தெரியாமல்.

1996இல் சவுரிராயன் தன் மச்சானை டிரம்ஸுக்கு எடுத்தார். அந்த ஆள் வாசித்தால் பாத்திரக்கடைக்குள் மாடு புகுந்த மாதிரி இருக்கும். சுப்புராயன் கொதித்துப்போனார். "சொந்த ரத்தம், கொண்டான் கொடுத்தான், ஒருத்தனையும் எடுக்கக்கூடாது. இது இன்னா உங்க ஊட்டுக் கல்யாணமா?" என்று கத்தி, கடையிலிருந்த டேப் ரெக்கார்டர் மேல் எல்லோரையும் கைவைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். அவர் கைதான் முதலில் விழுந்தது.

1998இல் திருவாமாத்தூர் கோயில் விழாவில் அரிபிரசாத் என்ற பையனை முதன்முதலாகக் கேட்டார். புதுச்சேரிப் பக்கத்துப் பையன், வேங்கடேசன் நடத்திய குழுவில் கீபோர்டு. அன்று பாடகர் சரணத்தின் நடுவில் வரியை மறந்து வாயை மூடிக்கொண்டார். அரிபிரசாத் முகம் மாறாமல், பாட்டிலேயே இல்லாத ஒரு புல்லாங்குழல் துண்டை அந்த இடத்தில் வைத்து, பாடகர் மறுபடி ஏறிக்கொள்ளும்வரை தாங்கினான். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. சுப்புராயனுக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதன்பிறகு ஏழு வருஷமும், சீட்டில் எந்த எண் வந்தாலும், எப்படியோ அரிபிரசாத் அவருக்கே வாய்த்தான். விருத்தாசலம் ஏழு வருஷமும் அதற்காகப் புழுங்கினார்.

சுப்புராயனுக்கு ஒரே மகள், பானுப்ரியா. அப்பாவோடு கச்சேரிக்குப் போய்ப் போய் ஏழு வயதிலேயே காது தேர்ந்துவிட்டது. குரலும் இருந்தது. சின்னபொண்ணுவின் அழுகையை மீறி, 2005 ஆடியில் வேங்கடேசன் குழுவில் வழக்கமான பாடகிக்கு உடம்பு சரியில்லாத மூன்று நாள் மேடை ஏறினாள். மூன்று நாளும் கைதட்டல். வீட்டுக்கு வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டாவது சரணத்துல அவசரப்பட்டுட்ட" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாராட்டினால் பாரபட்சம் ஆகிவிடுமாம்.

வேங்கடேசன் சுப்புராயனிடம் நேராகவே சொன்னார்: "பொண்ணு நல்லா பாடுது சார். தையில லிஸ்ட்ல பேரு வரட்டும், நிரந்தரமா வெச்சிக்கிறேன். பேரு இல்லாத பொண்ண வெச்சா கமிட்டில கேள்வி கேக்குறாங்க."

அதே சமயம் சின்னபொண்ணுவின் தம்பி முருகையன் பெண் கேட்டு நின்றான். கிளியனூரில் சொந்தமாக நாலு ஏக்கர், முப்பத்திநாலு வயது, தினமும் குடி. தாய்மாமன் முறை, தட்டிக்கழிக்க முடியாது. பானுப்ரியா அம்மாவிடம் ஒரு வார்த்தை வாங்கினாள். தைப் பட்டியலில் பெயர் வந்தால் கல்யாணப் பேச்சு மூன்று வருஷத்துக்கு எடுக்கக்கூடாது. வராவிட்டால் அம்மா சொன்னபடி கேட்கிறாள். இது சுப்புராயனுக்கும் தெரியும். மகளை அவர் எடுக்க முடியாது. அவர் போட்ட சட்டம் அப்படி. மற்ற மூவரில் ஒருவர் எடுத்தால்தான் உண்டு. மகளை எடு என்று யாரிடமும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

2006இல் ஆள் எடுப்புக்கு முந்தின நாள், விருத்தாசலமே மண்டிக்கு வந்தார்.

"அண்ணா, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. ஏழு வருஷமா அரிபிரசாத்த நீங்களே வெச்சிக்கினு கீறீங்க. இந்த ஒரு வருஷம் எனக்கு வுட்டுக் குடுங்க. நாலாவது சுத்துல நான் பானுப்ரியாவ எடுத்துக்கிறேன். சட்டமும் மீறல, பொண்ணு பேரும் கண்ணாடில ஏறிடும்."

சுப்புராயன் சாக்குத் தைக்கிற கோணி ஊசியைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு "சரிப்பா" என்றார். அன்று சாயங்காலம் மகளுக்கு அரைக்கிலோ ஜிலேபி வாங்கிப்போனார். எதற்கு என்று அவள் கேட்டாள். "சும்மாதான், துன்னு" என்றார்.

மறுநாள் சீட்டில் அவருக்கு ஒன்று, விருத்தாசலத்துக்கு இரண்டு. இதைவிட நல்ல சீட்டு விழ முடியாது. தபேலாக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும், மகள் பிழைத்தாள். மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். சுப்புராயனுக்கு அந்தப் புல்லாங்குழல் துண்டு ஞாபகம் வந்தது. அரிபிரசாத்தின் பெயர் விருத்தாசலத்தின் வரிசையில் இருக்கும், ஒரு வருஷம் முழுக்க அந்த ஆள் கண்ணாடி முன்னால் நின்று பெருமையடிப்பான் என்பது ஞாபகம் வந்தது.

"அரிபிரசாத்" என்றார்.

விருத்தாசலம் தன் முறைக்கு வேறொரு பெயரைச் சொன்னார். சண்டைக்குப் போனால் பேரம் வெளியே வந்துவிடும். நாலாவது சுற்று வந்தபோது சுப்புராயனை நேராகப் பார்த்துக்கொண்டே திண்டிவனத்துப் பாடகி ஒருத்தியின் பெயரைச் சொன்னார். சீனுவாசனும் சவுரிராயனும், நெருங்கிய சிநேகிதன் மகளை எடுத்தால் தயவு காட்டியதாக சுப்புராயன் கோபிப்பார் என்று பயந்து, பானுப்ரியா பக்கமே போகவில்லை. பத்தாவது சுற்று முடிந்தது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் மீது அவர்களுக்கு அவ்வளவு மரியாதை.

வீட்டுக்கு நடக்கும்போது சுப்புராயன் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பேரம் பேசி ஏறுகிற பெயர் ஒரு பெயரா? மூட்டையில் மண் கலப்பதும் இதுவும் ஒன்றுதானே? நான் செய்தது நியாயம். தெரு முனைக்கு வருவதற்குள் அதை நம்பியும்விட்டார். ஆசைக்கு நியாயம் என்று பெயர் வைத்துக்கொள்வதில் நேர்மையான ஆட்களுக்கு உள்ள சாமர்த்தியம் திருடர்களுக்குக்கூடக் கிடையாது.

திங்கட்கிழமை தையல் வகுப்புக்குப் போகிற வழியில் பானுப்ரியா கண்ணாடி முன் நின்று நாற்பது பெயரையும் படித்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை, மறுபடி ஒருமுறை. அப்புறம் வகுப்புக்குப் போய் அன்றைய ரவிக்கையைத் தைத்து முடித்தாள்.

வைகாசியில் கல்யாணம். மகளுக்குச் சீதனமாக அப்பா வேங்கடேசன் குழுவின் கச்சேரியையே ஏற்பாடு செய்திருந்தார். அவள் சந்தோஷப்படுவாள் என்று நிஜமாகவே நினைத்தார், பாவம். அறிவிப்பாளர் விவரம் தெரியாமல் மணப்பெண்ணை ஒரு பாட்டுப் பாட அழைத்தார். முருகையன் மைக்கைப் பார்த்துக் கையாட்டினான். "அதெல்லாம் வாணாம், நிறுத்து" என்றான். அரிபிரசாத் சட்டென்று ஒரு மெட்டை எடுத்து அந்த மௌனத்தை மூடினான். சுப்புராயனுக்கு அப்போதும் அந்த விரல்கள் மேல்தான் கண் போனது.

கிளியனூரில் முருகையன் அவளை மேடையில் நின்றவள் என்றே கூப்பிட்டான். மல்லாட்டை பிடுங்கும்போது களத்தில் பெண்களோடு அவள் வாய்க்குள் முணுமுணுத்தாலும், எவனை நினைத்துப் பாடுகிறாய் என்று கேட்பான். 2008இல் ஒருநாள் பதில் சொன்னதற்கு அறைந்தான். இடது காதில் ரத்தம் வந்தது. ஜவ்வு கிழிந்து உள்காதும் கெட்டுவிட்டது, இனி அந்தக் காது கேட்காது என்று திண்டிவனத்தில் டாக்டர் சொன்னார். சுப்புராயன் போய்ப் பார்த்தார். மருமகனிடம் இரண்டு வார்த்தை கேட்டார். அவன் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்தான். இவர் பஸ் ஏறி வந்துவிட்டார். ஒரு காதால் சுருதி பிடிக்க முடியுமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். முடியாது என்றே அவருக்குத் தோன்றியது.

கேசட் போய் சிடி வந்தது, சிடியும் போனது. ஆள் எடுப்பு 2009இல் நின்றது. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. விருத்தாசலம் கடையை மூடிவிட்டுத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை போட்டார். 2014 மார்கழியில் பானுப்ரியா தன் பையனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள். பழைய முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. வலது பக்கம் வந்து நின்று பேசுங்கள் என்று அவள் சொன்னதும் மனுஷனுக்கு என்னவோ செய்திருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்பது வருஷமாக வயிற்றில் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார்.

அங்கிருந்தே அவள் விழுப்புரம் பஸ் ஏறினாள். சுப்புராயன் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு அவர் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பா, அந்த வருஷம் நாலாவது சுத்துல என்னை எடுக்குறேன்னு விருத்தாசலம் சொன்னாராமே. அரிபிரசாத்த வுட்டுக் குடுத்தா போதும்னாராமே. நெசமா?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். சின்னபொண்ணு கரண்டியோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

"நெசந்தான்."

பானுப்ரியாவுடையது கோபம் வந்த முகமாகத் தெரியவில்லை. கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"அந்த வருஷம் அவரு நல்லா வாசிச்சாராப்பா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மோசமாக வாசித்தான், உன்னை விட்டது தப்பாகப் போய்விட்டது என்று சொல்லி அழுதிருக்கலாம். சுப்புராயனின் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் கேள்வி வாசிப்பைப் பற்றியது. அதில் அவருக்குப் பொய் வராது.

"நல்லாத்தாம்மா வாசிச்சான்" என்றார்.

அவள் தலையாட்டினாள். சோறு போடட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் கிளியனூருக்கு நேரமாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதற்கப்புறம் அவள் அந்த வீட்டுக்கு வரவேயில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லிப் பார்த்துவிட்டுப் போனாள்.