கூச்சக்காரச் சிலந்தி

எங்கள் வீட்டில் நாய் கூடாது, குரைக்கும். பூனை கூடாது, முடி கொட்டும். கிளி கூடாது, பாவம். வில்லாபுரத்து வாடகை வீட்டில் அம்மா போட்ட சட்டம் இது. ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வீட்டிலோ முயல், லவ் பேர்ட்ஸ், ஆமை என்று ஒரு மிருகக்காட்சிசாலையே இருந்தது. அவள் வாயை அடைக்கத்தான் நான் டரன்டுலா கேட்டேன். உள்ளங்கை அகலத்தில், உடம்பெல்லாம் ரோமமாக இருக்கும் அந்தச் சிலந்தியை யாரோ கையில் வைத்துக் கொஞ்சும் வீடியோவைப் பார்த்திருந்தேன். வாங்கித் தராவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். பல்லிக்கே அலறுகிற அம்மா, எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் தெருவுக்கே போய்விடுவாள். அவள் எப்படியோ சரியென்றாள்.

அம்மாவின் தம்பியான மாமா, நாகமலை புதுக்கோட்டையில் வளர்ப்பு மீனும் பறவையும் விற்கும் கடையில் வேலை பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, போனில் ஒவ்வொரு படமாகக் காட்டி, கல்யாணத் தரகர் போல விவரம் சொன்னார். சிலி நாட்டுக்காரி பரம சாது, ஆனால் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி ஒரே இடத்தில் கிடப்பாள். மெக்சிகோவின் சிவப்பு முட்டிக்காரி அழகி, ஆனால் கோபம் வந்தால் வயிற்று ரோமத்தைக் காலால் உதறிவிடுவாள், பட்ட இடமெல்லாம் அரிக்கும். "எனக்கு இருக்குற வேர்க்குருவே போதும்" என்று அம்மா அவளைத் தள்ளிவிட்டாள். கடைசியில் மயில்கழுத்து நீலத்தில் ஒருத்தி வந்தாள். நான் விழுந்துவிட்டேன்.

"இவதான் நமக்குத் தோது, மருமகளே. ஆனா ரொம்பக் கூச்சக்காரி. குழி பறிச்சு மண்ணுக்குள்ளயே கெடப்பா. தோண்டிப் பாத்தா செத்துப்போவா" என்றார் மாமா.

தோண்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஒரு வாரத்தில் பிளாஸ்டிக் பெட்டி வந்தது. உள்ளே மண், நடுவில் ஒரு குழி. அம்மா படுக்கும் இடத்துக்கு மேலே இருந்த அலமாரியில் அதை வைத்தோம். சாயங்காலம் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து உள்ளே விடுவேன், காலையில் அது இருக்காது. பள்ளிக்கூடத்தில் ஆமையின் மதிப்பு சரிந்தது. மதுரை வெயிலிலும் நான் போர்வையால் காலைச் சுற்றிக்கொண்டு படுத்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பிரசவத்துக்கு வந்திருந்த அத்தை, பிறந்த பிள்ளையோடு எங்கள் வீட்டில் இருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு நாள் காலையில் ஜன்னல் வழியாகக் குதித்த திருட்டுப் பூனை பெட்டியைத் தட்டிவிட்டது. மூடி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். மண் தொட்டில் வரைக்கும் சிதறிக் கிடந்தது. அத்தை போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அப்பா பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். பிள்ளையின் கையில் ஏதோ சிவந்திருந்தது. கடித்துவிட்டது, பிள்ளை சாகப்போகிறது, கொன்றது நான்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

"வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போச்சு. மாப்ள, ஒடனே வா!" என்று அப்பா மாமாவிடம் போனில் கத்தினார்.

அப்போது வீட்டுக்குள் குக்கர் விசிலடித்தது. அம்மா, "அய்யய்யோ, சோறு குழைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். அடுப்பை அணைத்துவிட்டு, அத்தைக்கு வெந்நீரும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா பைக்கில் பறந்து வந்தார். முதலில் பிள்ளையின் கையைப் பார்த்தார். "கொசுக்கடி" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏதேதோ உருட்டிவிட்டு, டேப் ஒட்டிய பெட்டியோடு வெளியே வந்தார். "புடிச்சுட்டேன், மச்சான்." அப்பாவின் காதில் மேலும் ஏதோ சொன்னார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள, அவர் தோள் குலுங்கியது. நிம்மதியில் அழுகிறார் என்று நினைத்தேன்.

மாமா என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடி மலையடிவாரத்துக்குப் போனார். ஒரு புதர் பக்கத்தில் பெட்டியைச் சாய்த்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "எம்புட்டு வேகமாப் போறா பாரு!" என்றார். கண்ணைத் திறந்தபோது மண் மட்டும்தான் கிடந்தது. கொஞ்சம் அழுதேன், அழ வேண்டுமே என்பதற்காக. உள்ளுக்குள் அத்தனை நிம்மதி. அன்றைக்குப் போர்வையில்லாமல் தூங்கினேன்.

அந்தப் பெட்டியில் முதல் நாளிலிருந்தே மண்ணைத் தவிர எதுவும் இல்லை என்பதும், அக்காவும் தம்பியும் கூடிப் பேசித்தான் அந்தக் கூச்சக்காரியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும், விடியுமுன் வெட்டுக்கிளிகளைத் திறந்துவிட்டது அம்மாதான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சிலந்தி திரிகிற வீட்டுக்குள், வெறுங்காலோடு, சோற்றுக்காக நடந்து போன என் அம்மாவைப் போல ஒரு தைரியசாலி வில்லாபுரத்திலேயே கிடையாது. மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன்.