கஸ்பார் ஏறாத புளியமரம்

ஜல்லிக் குவாரி வந்த பிறகு எள்ளுக்கொல்லை என்ற பெயரை அரூர் பஸ் கண்டக்டர்களே மறந்துவிட்டார்கள். "கல்லொடைக்கிற ஊரு எல்லாம் எறங்கு" என்றுதான் விசில் ஊதுவார்கள். பெண் கொடுக்க வருகிறவர்களும் நிலம் எவ்வளவு என்று கேட்பதில்லை. மாப்பிள்ளை வெடி வைப்பவனா, கல் உடைப்பவனா என்றுதான் விசாரிப்பார்கள். அந்த ஊரில் நாலு வருஷமாக ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த லூர்தம்மாளைப் போல யாரையும் நம்பாத பிறவியை நான் கேள்விப்பட்டதில்லை. மாதா கோயில் பூசையில் பக்கத்தில் முட்டிபோடுகிறவளைக்கூட ஓரக்கண்ணால் அளப்பாள்.

காரணம் இருந்தது. அவள் புருஷன் கஸ்பார் குவாரியில் வெடி வைக்கிற ஆள். வெடிக்காமல் நின்ற குழியைக் கிளறியபோது அது வெடித்து, அங்கேயே செத்துப்போனான். மறுநாளே மேஸ்திரி பச்சியப்பன் ஒரு காகிதத்தோடு வந்தான். புளியமரத்திலிருந்து விழுந்து செத்ததாக அதில் எழுதியிருந்தது. கைநாட்டு வைத்தால் குவாரியில் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்றான். இரண்டு பெண்பிள்ளைகள் பசியோடு நின்றார்கள். வைத்துவிட்டாள். அன்றிலிருந்து யார் கஸ்பார் பேச்சை எடுத்தாலும், பச்சியப்பன் ஆழம் பார்க்க அனுப்பிய ஆளோ என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

எண்பத்தாறில் மெட்ராஸிலிருந்து ஞானராஜ் என்பவர் ஒரு கேமராக்காரரோடு வந்தார். கல் இந்த மலை ஜனங்களை எப்படி மாற்றிவிட்டது என்று டி.வி.க்குப் படம் எடுக்கிறாராம். பேரைக் கேட்டதும், நம்ம வேதக்காரர், கிறிஸ்தவர் என்று ஊரே உருகியது.

"பேரைக்கூடப் பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்காங்க" என்று கூட வேலை செய்த ராஜமேரியிடம் முணுமுணுத்தாள் லூர்தம்மாள்.

மறுநாள் மத்தியானம் வெடிக்கு விசில் ஊதினார்கள். குவாரி ஜனங்கள் பாறைக்குப் பின்னால் குந்தி வாயைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். மூடியிருந்தால் காது போய்விடும் என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். கேமராக்காரர் அப்படித்தான் ஓடினார். ஞானராஜோ சட்டென்று குந்தி வாயைத் திறந்தார்.

லூர்தம்மாள் ராஜமேரியை முழங்கையால் இடித்தாள். "மெட்ராஸ்காரருக்கு இது எப்படிடி தெரியும்? ஏதோ குவாரி மொதலாளி வூட்டு ஆளு. நம்ம வாயைப் புடுங்க வந்திருக்கான்" என்றாள்.

சாயங்காலம் ஞானராஜ் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். கேமரா ஓடியது.

"உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா இறந்தாரு? ஊர்ல யாரைக் கேட்டாலும், லூர்தம்மாவையே கேளுங்கன்னு சொல்றாங்க."

"புளியமரத்துல இருந்து வுழுந்துட்டாருங்க."

"மரத்துல இருந்தா?"

"ஆமாங்க. குடிச்சிட்டு ஏறிட்டாருங்க."

கஸ்பார் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொன்னால் பச்சியப்பனுக்கு நம்பிக்கை வருமென்று அவளாகப் போட்ட சேர்மானம் அது. பாவி, பழைய பொய் போதாதா?

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஞ்சாயத்து டி.வி.யில் படம் வந்தது. ஊரே கூடியிருந்தது. பச்சியப்பனுக்கு நாற்காலி, லூர்தம்மாளின் பெண்கள் முன்வரிசையில். மலை வந்தது, லாரி வந்தது. பிறகு ஞானராஜின் குரல் கேட்டது. அவருடைய அப்பாவும் மைசூர்ப் பக்கம் ஒரு சுரங்கத்தில் வெடி வைத்தவராம், வெடியிலேயே இறந்தவராம். எப்படி இறந்தார் என்று கடைசிவரை யாரும் எழுதித் தரவில்லையாம். ஐயோ, இவரிடமா பொய் சொன்னோம் என்று லூர்தம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அடுத்து அவள் முகம் வந்தது. புளியமரம், குடி எல்லாம் தெளிவாகக் கேட்டது. கடைசியில் இந்த மலையில் வெடிக்குப் பலியானவர்கள் என்று ஐந்து பேரின் பெயர்கள் வந்தன. அந்த ஐந்து வீட்டுப் பெண்களும் பயந்து பயந்தாவது உண்மையைச் சொல்லியிருந்தார்கள். கஸ்பார் பெயர் இல்லை.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா குடிப்பாராம்மா?"

லூர்தம்மாள் எழுந்துவிட்டாள். "பொய்யி! அவரு குடிக்கவே மாட்டாருங்க. குவாரி வெடியிலதான் செத்தாரு. நான்தான் பொய் சொன்னேன்" என்று கத்தினாள். பச்சியப்பன் நாற்காலியை டி.வி. பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டான். டி.வி.யில் அடுத்த நிகழ்ச்சிக்குப் பாட்டு ஆரம்பித்திருந்தது.

"குந்து லூர்து, மறைக்குது" என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.