கப்பலுக்கு இல்லாத பயணம்

என் அசட்டுத்தனம் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று இதை எழுதாமல் விடத்தான் பார்த்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு மாரிமுத்துத் தாத்தாவுக்கு எண்பத்தைந்து வயது, தனி ஆள். ஒருநாள் குடை, கம்பளி, செம்பு என எல்லாவற்றையும் தானம் கொடுத்தார். கடல் தாண்டிச் சொந்த ஊருக்குக் கப்பலேறுபவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள்.

"என்ன தாத்தா, ஊர்ல பொண்ணு பாத்தாச்சா?" என்றேன்.

"கப்பலுக்கு இல்லடா. உசுரோட இருந்தது போதும்."

எனக்குச் சிரிப்பு செத்துவிட்டது. அவர் கையை விடாமல் உட்கார்ந்துகொண்டு, அக்காவை அனுப்பி டாக்டருக்கு உதவியாக இருக்கும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரை வரவழைத்தேன். மனசுக்கு வந்த நோய் என்று டிரெஸ்ஸர் அவரை வைத்தியத்துக்கு அழைத்துப்போனார். தாத்தா தேறிவருகிறார்.

இப்போது வயசாளிகள் சோர்ந்திருந்தால் கேலி பேசாமல், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கிறேன்.

கூட்டாளி ராசுவிடம் இதைச் சொன்னேன்.

"எங்கப்பாவையும் வந்து கேளுடா," என்றான்.