கப்பலில் போன அண்ணன்

போன ஞாயிற்றுக்கிழமை ஜப்பான் கார்ட்டூனில், அதுதான் உங்கள் அனிமேயில், எது பெரிது என்று நீங்கள் இரண்டு பேரும் தலையணையால் அடித்துக்கொண்டீர்கள். நடுவில் நான் வாயைத் திறந்ததும், "உனக்கு இன்னாப்பா தெரியும்?" என்று அடக்கிவிட்டீர்கள். தெரியும் கண்ணுங்களா. உங்கள் அம்மாவைப் பார்ப்பதற்கு முன்பிருந்தே தெரியும்.

அப்போது நான் சென்னை பாடியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். எத்தனை சோப்பு போட்டாலும் கையில் ஆயில் வாடை போகாது. அது மறந்துபோகும் ஒரே இடம், பக்கத்து மிஷின்காரன் ரஃபீக்கின் பூந்தமல்லி வீட்டு மாடி. கீழே அவன் அத்தாவின் அத்தர் கடை, மேலே நாங்கள் அனிமே பார்க்கும், மூடி கழற்றிய ஒரு கம்ப்யூட்டர். அத்தரும் சூடான தூசியும் கலந்த மணம்தான் எனக்கு ஜப்பான்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். படத்துக்குக் கீழே ஓடும் இங்கிலீஷை எழுத்துக் கூட்டுவதற்குள் சண்டையே முடிந்துவிடும். அதனால் ரஃபீக் நிறுத்தி நிறுத்தி நம் பாஷையில் சொல்வான். "இன்னா மாமே, என்னாண்டயே கத்தி தூக்குறியா?" என்று ஜப்பான் வீரன் கேட்பான். இன்றுவரை அதுபோல ஒரு டப்பிங் நான் கேட்டதில்லை.

எனக்கும் கருத்துகள் உண்டு. வாள் தொடர்களில் ஒரு வெட்டுக்கு மூன்று வாரம் இழுப்பார்கள். ரோபோ தொடரில் மலை போன்ற மிஷினுக்கு ஒருநாளும் எண்ணெய் விடுவதில்லை, அதை நான் மன்னிக்கவே மாட்டேன். எனக்குப் பிடித்தது, துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணன் தம்பி கதை. கடைசிக் காட்சியில் தம்பி ஓடி வருவான். கரையில் அண்ணனின் ஷூ மட்டும் கிடக்கும். தூரத்தில் ஒரு கப்பல் போகும். ஒரு கிழவர் ஏதோ சொல்வார். ரஃபீக் அங்கே நிறுத்தினான், தண்ணீர் குடித்தான். பிறகு சொன்னான்: "அண்ணன் கப்பல்ல வேலைக்குப் போயிட்டாராம் மச்சான். திரும்பி வருவாராம்."

மறுவாரம் பட்டறையில் சாப்பிடும்போது, இதுபோல முடிவு எந்தத் தொடரிலும் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அதைப் பார்த்திருந்த ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணன்காரன் செத்துட்டான்யா! நீ இன்னாத்த பாத்த?" எல்லாரும் சிரித்தார்கள்.

நேராக ரஃபீக்கிடம் போனேன். "படிக்காதவன்னு என்ன வெச்சி வேடிக்கை பாத்தியாடா?"

"மச்சான், அன்னிக்கி நீ இருந்த நெலமைல நான் எப்டி..."

"ஒண்ணியும் பேசாத. இனிமே எங்கிட்ட வராத."

அந்த மாதமே அம்பத்தூரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன்.

போன ஞாயிறு சாயங்காலம் நீங்கள் போட்டது அதே தொடர்தான். இப்போது தமிழிலேயே வருகிறது. "உன் அண்ணன் கப்பலில் ஏறவே இல்லை, தம்பி" என்றார் கிழவர். நீங்கள் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தீர்கள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

சுவரில் மாலையோடு இருக்கிற உங்கள் பெரியப்பா, என் கூடப்பிறந்த அண்ணன், நாங்கள் அதைப் பார்ப்பதற்கு மூன்று மாதம் முன்புதான் பாடி ஜங்ஷனில் லாரியில் அடிபட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் அவருடைய ஷூவை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ரஃபீக். இத்தனையும் தெரிந்தும், அவன் ஏன் பொய் சொன்னான் என்று நான் ஒருநாள்கூட யோசிக்கவில்லை. எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என் ரோஷம்தான்.

நேற்று பூந்தமல்லி போனேன். அத்தர் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். மாடியே இல்லை. "அவங்க காலி பண்ணி ரொம்ப வருசம் ஆச்சிண்ணா. எங்க போனாங்கன்னு தெர்ல" என்றார் கடைக்காரர்.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. அம்பத்தூரில் நான் தங்கியிருந்த ரூமுக்கு ரஃபீக் இரண்டு தடவை தேடி வந்தான். இரண்டு தடவையும் கூடத் தங்கியிருந்தவனை அனுப்பி நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

"அப்டியா? சாப்புட்றானா ஒயுங்கா?" என்று கேட்டான். பிறகு படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.