சுனைக்குள் அணைந்த பந்தம்

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் நான் குமாஸ்தா. விடுமுறையில் அங்கேயே வேலை பார்க்கும் நண்பர்கள் நான்கு பேர், வழிகாட்டி ஒருவரோடு பழைய குடைவரைக் கோயில் பார்க்கப் போனோம். குகைக்குள் ஆழமான சுனை. எங்களில் ஒருவனான சேவியர் அதில் குதித்ததில் தண்ணீர் தெறித்து, வழிகாட்டியின் பந்தம் அணைந்துவிட்டது. ஒரே இருட்டு.

"தீப்பெட்டி எடுங்க," என்றார் வழிகாட்டி.

எங்களிடம் ஏது? கம்பெனி வாசலில் காவலாளி தினமும் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பதால், தீப்பெட்டி வைத்துக்கொள்ளும் பழக்கமே எங்களுக்கு இல்லை.

"சிவகாசியில இருந்து வந்திருக்கீக, ஒரு குச்சி கிடையாதா?"

"வழிகாட்ட வந்தது நீகளா, நாங்களா?" என்று கத்தினேன்.

"ஏலே, சண்டையைப் பெறவு போடுங்க! கரை எங்கன இருக்கு?" என்று சேவியர் அலறினான்.

நாங்கள் விடாமல் கைதட்ட, சத்தத்தை வைத்தே தட்டுத்தடுமாறி நீந்திக் கரையேறினான்.

இப்போது ஊர் சுற்றக் கிளம்பினால் எந்த வழிகாட்டியையும் நம்பாமல் நானே தீப்பெட்டி எடுத்துக்கொள்கிறேன். திரும்பியதும் முதல் வேலையாக அதை அடுப்படியில் வைத்துவிடுகிறேன். மறந்து கம்பெனிக்குக் கொண்டுபோனால் என் வேலை போய்விடும்.