புயல் கரையைக் கடந்துவிட்டதாம்

அந்த ஐப்பசியில் எங்கள் அடுப்படிச் சுவரில் வங்காள விரிகுடா இருந்தது. என் வீட்டுக்காரர் அடுப்புக்கரியால் வரைந்தது. வளைவாக ஒரு கோடு, அது கடற்கரை. கோட்டின் மேல் நெல்லூர், மெட்ராஸ், கடலூர் என்று புள்ளிகள். உள்ளே தள்ளி இன்னொரு புள்ளி, அது ஆம்பூராம், நாங்களாம். கடலுக்குள் ஒரு பெருக்கல் குறி, அதுதான் புயல். அப்போதுதான் வெள்ளையடித்த சுவர்! "இன்னாங்க இது கிறுக்குத்தனம்?" என்று கத்தினேன். "இருடி, எங்க வருதுன்னு தெரிய வேணாமா?" என்றார் மகராசன்.

அவர் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. பதப்படுத்திய தோல்களைக் காயவைத்து எடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. ஈரத் தோலை அடுக்கியே வைத்திருந்தால் புள்ளி விழுந்து வீணாகிவிடும். அதனால் மழை என்றாலே அவருக்கு ஆகாது. சாயங்காலமானால் முதலாளி வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று ரேடியோ கேட்பார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கரித்துண்டைத் தேடுவார்.

முதலில் மெட்ராஸ் என்றார்கள். மறுநாள் பெருக்கல் குறி நெல்லூர்ப் பக்கம் ஏறியது. அப்பாடா என்று உட்கார்ந்தால், அடுத்த நாள் அது கடலிலேயே நின்றுவிட்டதாம். "நகரவே இல்லையாம். எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல முடியலையாம்," என்றார். வருகிற புயலுக்காவது ஒரு திசை உண்டு. நிற்கிற புயலை என்ன செய்வது? "வர்றதுன்னா வந்து தொலைய வேண்டியதுதானே!" என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன்.

எனக்குப் புயலைவிட இந்த மனுஷனை நினைத்துத்தான் பயம். கல்யாணமாகி இரண்டாம் வருஷம். புயல் வந்தால் ஷாப்பிலேயே தங்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். கூரைத் தகரம் பறந்துவிட்டால் தோல் நனைந்துவிடுமாம்.

"தோல் நனையறது இருக்கட்டும். பறக்கிற தகரம் உங்க தலையில விழுந்தா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

ஒன்றும் ஆகாது என்று இவருக்கு எந்த ரேடியோ சொன்னது? எனக்குச் சோறு இறங்கவில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால்கூட வாசலுக்கு ஓடி, ஷாப்பு இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் ஒரு காலை சிரித்துக்கொண்டே வந்தார். புயல் வடக்கே எங்கோ கரையைக் கடந்துவிட்டதாம், வலுவிழந்து மைசூர்ப் பக்கம் போய்விட்டதாம். எங்கள் ஊரில் நாலு தூறல், அவ்வளவுதான். வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவே ரேடியோவைக் கிண்டல் செய்தது. நானும்தான்.

அவர் சாப்பிடக்கூட நிற்கவில்லை. புயலுக்குப் பயந்து அடுக்கி வைத்த தோல் மொத்தமும் ஈரம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு பாலாற்றுக்குள் இறங்கிவிட்டார். எங்கள் ஆற்றில் தண்ணீர் ஏது? வருஷம் பூராவும் மணல்தான். மாடு மேய்வதும் தோல் காய்வதும் அங்கேதான். நடு ஆற்றில் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, தோலை வரிசையாகத் தொங்கவிட்டார்கள்.

நான் சீமையெண்ணெய் வாங்க ரோட்டுக் கடைக்குப் போயிருந்தேன். வாணியம்பாடியிலிருந்து பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே கடைக்காரரிடம் கத்தினார்: "பாய், மேல ஆத்துல தண்ணி ஜாஸ்தி! பாலத்துக்குக் கீழ தளும்புது!"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புயல் போய்ப் பெய்த இடம் மைசூர்ச் சீமை. எங்கள் ஆறு வருவதும் அங்கேயிருந்துதான். இத்தனை நாளும் ஊரே கிழக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தது. ஐயோ என்று புட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கரையில் நின்று கத்தினேன். "தண்ணி வருது, மேல வாங்க!" ஆட்கள் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். அவரும் போ போ என்று கையைக் காட்டினார். அப்போது கூட்ஸ் வண்டி வருகிற மாதிரி ஒரு சத்தம். தண்டவாளம் இருந்தது எங்களுக்குப் பின்னால், சத்தம் வந்தது ஆற்றிலிருந்து. வளைவில் பழுப்பாக ஒரு நுரை, முள்ளையும் வைக்கோலையும் தள்ளிக்கொண்டு வந்தது.

ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். இந்த மனுஷன் மட்டும் கயிற்றிலிருந்து தோலை உருவிக்கொண்டிருந்தார்! உருவி உருவித் தோளில் போட்டார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. அப்போதுதான் நகர்ந்தார், அதுவும் சுமையோடு. நான் புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். "விடுங்க அதை! விட்டுத் தொலைங்க!" அவர் விடவில்லை. நான் ஒரு கையால் கரையோர வேலிகாத்தான் முள்மரத்து வேரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தச் சுமையை இழுத்துத் தள்ளினேன். எல்லாம் தண்ணீரோடு போயிற்று. அவர் தடுமாறி என் கையைப் பிடித்தார். இருவரும் எப்படியோ கரையேறி விழுந்தோம்.

நடு ஆற்றில் ஒரு மூங்கில்கூட நிற்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முதலாளிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "எனக்கு யார் வந்து பதில் சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதேன். அத்தனை ஆட்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

 அவர் பிடித்த கையை விடவில்லை. அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பது எங்கள் பக்கம் இல்லாத வழக்கம். அன்றைக்குப் பட்டப்பகலில், தெருவே வாசலில் நின்று பார்க்க, வீடு வரைக்கும் அப்படியே நடந்து வந்தோம்.